கண்ணாடிக் குடுவையில் ஒரு கன்னம்

ஸ்பிரிட் எரியும் வாசனை. கிள்ளானில் ஒரு கல்யாண விருந்து, சீன உணவகத்தின் மேல்மாடி. ஆவியில் வெந்த மீன் ஒன்று நீளத் தட்டில் வந்து வட்ட மேசையின் நடுவே இறங்கியது. தட்டுக்கு அடியில் ஒரு சின்னக் கிண்ணம், அதற்குள் நீலச் சுடர். மேசையில் இருந்தவர்கள் இஞ்சி மணத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்கள். எனக்கு இஞ்சி எட்டவில்லை. சுடரிலிருந்து எழுந்த அந்த இனிப்பான நெடி, நாற்பதைத் தாண்டித் தனியாக விருந்துக்கு வந்திருந்த என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், எண்பதுகளின் கடைசியில், கோலாலம்பூரில் ஒரு மருத்துவமனையின் பின்கட்டில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில் உட்கார வைத்துவிட்டது.

அந்த அறையில் ஒரு ஸ்பிரிட் விளக்கு எரியும். குடுவையின் வாயைத் திறந்ததும் சுடரில் ஒரு தடவை காட்ட வேண்டும், மூடுவதற்கு முன்னால் இன்னொரு தடவை. காற்றில் அலையும் எதுவும் உள்ளே விழுந்துவிடக் கூடாது. உள்ளே இருப்பது அறுவை அறையிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்த ஒரு துணுக்கு, யாரோ ஒருவருடைய நாக்கு, ஈறு, கன்னம். அதை வளர்ப்பதுதான் என் வேலை. நான் டாக்டர் இல்லை. யாருக்கும் ஊசி போட்டதில்லை, யாருடைய நாடியையும் பிடித்ததில்லை. புற்று எப்படி வளர்கிறது என்று பார்ப்பதற்காகப் புற்றையே வளர்த்தேன்.

வளர் என்று சொல்லும் மரபணுக்கள் நம் எல்லோரிடமும் இருக்கின்றன. கருவில் விரல்கள் உருவாகும்போது அவை பேசுகின்றன. முழங்காலில் சிராய்ப்பு ஆறும்போது பேசுகின்றன. வேலை முடிந்ததும் அடங்கிவிடுகின்றன. அடங்காமல் போனால் நோய். மரபணுவில் ஓர் எழுத்து மாறினாலும் போதும். அல்லது ஒரே மரபணு பத்தாக, இருபதாகப் பெருகி வரிசையில் நின்றுகொண்டு ஒரே கூச்சலாக வளர், வளர், வளர் என்று கத்தினாலும் போதும். ஆய்வுக்கூடத்தில் ஆன்கோஜீன் என்போம், தமிழில் புற்றுமரபணு. அது வெளியிலிருந்து வந்த கிருமி அல்ல. நமக்குள் பிறந்து, நமக்காக உழைத்து, ஒருநாள் நம் பேச்சைக் கேட்காமல் போனது.

ரப்பர் தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்களின் வாய்களில்தான் என் தேடல். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை எல்லாவற்றையும் உருட்டிக் கன்னத்தின் ஒரே பக்கம் ஆண்டுக்கணக்கில் ஒதுக்கி வைத்த வாய்கள். துணுக்குகள் வந்துகொண்டே இருந்தன. ஒன்றும் குடுவையில் ஒட்டிப் பிடிக்கவில்லை. சில சுருங்கிப்போயின, சிலவற்றில் பூஞ்சை படர்ந்தது. ஆனாலும் ஊட்ட வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள், ஞாயிறானாலும், தைப்பூசமானாலும். ஒரு தீபாவளிக் காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்த தலையோடு, ஈரம் சொட்ட, பூவைக்கூடக் கழற்றி வைத்துவிட்டு அந்த அறையில் உட்கார்ந்திருந்தேன். வருகிற விருந்தாளிகளுக்காக ஊரே திறந்த வீடாகக் கிடந்தது. நான் மூடிய குடுவைகளோடு இருந்தேன்.

பிரிக்பீல்ட்ஸில் எனக்கு ஒரு வாடகை அறை, ரயில் தடத்தின் ஓரம். பெட்டிகளை மாற்றிக் கோக்கும் சத்தம், இரும்பை இரும்பு இடிக்கும் சத்தம், அதுதான் பேச்சுத் துணை. வெள்ளி மாலை தொடங்கித் திங்கள் காலை வரை நான் பேசிய ஒரே சொற்கள் 'அண்ணே, ஒரு கோப்பி' என்பதாக இருந்த வாரங்கள் உண்டு. அதையும் சிலசமயம் விரலைக் காட்டியே முடித்துவிடுவேன்.

ஒரு திங்கட்கிழமை உருப்பெருக்கியில் குனிந்தபோது ஒரு குடுவையின் அடியில் அவை ஒட்டிக்கொண்டிருந்தன. கல் பாவிய தரைபோல ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு, ஓரங்களில் புதிதாகப் பிரிந்தவை உருண்டையாக மினுங்கிக்கொண்டு. ஊட்டத் திரவம் சிவப்பாக இருக்கும். செல்கள் தின்று பெருகினால் அது மஞ்சளாகும். அன்று அது பழுத்த எலுமிச்சையின் நிறத்தில் இருந்தது. யாரிடம் சொல்வது? ஆய்வுக்குப் பொறுப்பான பேராசிரியர் வெளிநாட்டில். நான் வார்டுக்கு ஓடினேன்.

அந்தக் கன்னத்துக்குச் சொந்தக்காரி ஐம்பதை ஒட்டிய ஓர் அம்மாள். டெங்கில் என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, கிள்ளானில் வாழ்க்கைப்பட்டவர். முகத்தில் பாதிக்குக் கட்டு. பக்கத்தில் அவர் கணவர், துறைமுகத்தில் ஒரு சரக்கு அனுப்பும் நிறுவனத்தில் கிராணி, கணக்கெழுதும் வேலை. சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா வைத்திருக்கும் ஒல்லியான மனிதர்.

"நீதான் என் கன்னத்த எடுத்துட்டுப் போனவளா?" என்றார் அந்த அம்மாள், பாதி வாயால்.

"ஆமா ஆன்டி. வளருது. இத்தன பேர்ல உங்களோடது மட்டும்தான் பிடிச்சிருக்கு."

அவர் கன்னத்துக் கட்டை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கேட்டீங்களாங்க? கல்யாணமாகி இத்தன வருசத்துல இந்த உடம்புல ஒண்ணு தங்கல. இப்ப போத்தல்ல வளருதாம்."

"வாய மூடு. தையல் பிரிஞ்சிரும்," என்றார் கணவர்.

"மூடறதுக்குப் பாதிதான இருக்கு?"

அந்த வார்டில் அதற்குப் பிறகு எனக்கு ஒரு நாற்காலி இருந்தது. வேலை முடிந்ததும் போவேன். "சாப்பிட்டியா? என்னா சாப்பிட்ட? பொய் சொல்லாத, உன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது லா," என்பார். குழாய் வழியாகக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர் என் சாப்பாட்டைக் கேட்டார். கணவரிடம் சொல்லி எனக்கும் சேர்த்து மீ கோரெங் பொட்டலம் வாங்கிவரச் செய்வார். மூக்கில் குழாயோடு நான் தின்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பிறகு அந்தச் செல்களின் மரபணுப் படம் ஒன்று கிடைத்தது. செல்களின் மரபணுவைத் துண்டாக்கி, பரப்பி, கதிர்வீசும் மை ஒன்றை ஒட்டவைத்து, எக்ஸ்ரே ஃபிலிமுக்கு அடியில் உறையும் குளிரில் வைத்துக் காத்திருக்க வேண்டும். இருட்டறையில் ஃபிலிமைக் கழுவி எடுத்தேன். அவர் இரத்தத்திலிருந்து எடுத்த மரபணுவுக்கு, பென்சிலால் இழுத்ததுபோல் ஒரு மெல்லிய கோடு. கன்னத்துச் செல்லுக்கு, கண் மையை விரலால் அப்பியதுபோல் தடித்த கறுப்புப் பட்டை. ஒரே மரபணு, கூட்டமாக. அந்த ஈர ஃபிலிமை நுனியில் பிடித்துக்கொண்டே மாடிப்படி ஏறி வார்டுக்குப் போனேன்.

"இது வெளிய இருந்து வந்தது இல்ல ஆன்டி. உங்களோட சொந்தம்தான். வளரு, வளருன்னு சொல்லிக்கிட்டே இருக்கு. நிறுத்தத் தெரியல."

அவர் ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "இதோட வாய அடைக்க முடியுமா?"

"அதத்தான் அடுத்து பாக்கணும்."

"சீக்கிரம் பாரு," என்றார். அந்த வார்த்தையில் கேலி இல்லை.

அவர்கள் கிள்ளானுக்குப் போனார்கள். நான் அந்தச் 'சீக்கிரம்' என்ற சொல்லோடு அறைக்குத் திரும்பினேன். அந்த மரபணுவின் பேச்சை அடக்கும் சின்னச் சின்ன மரபணுத் துணுக்குகளை வெளிநாட்டில் செய்து வாங்க வேண்டியிருந்தது. வந்து சேர மாதங்கள் ஆயின. வந்ததைக் கரைத்துச் செல்களுக்குக் கொடுத்தேன். கரைத்துவிட்டால் நெடுநாள் தாங்காது. முதல் வாரத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. மருந்து போடாத குடுவை மஞ்சளானது. போட்ட குடுவை சிவப்பாகவே இருந்தது. அடங்குகிறது. இன்னும் சில வாரங்கள் இப்படியே போனால் உறுதியாகச் சொல்லிவிடலாம். கிள்ளானுக்கு எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்த அம்மாளின் கணவர் வந்தார். ஆய்வுக்கூடத்தின் வாசலில், மழிக்காத தாடியும் கையில் குடையுமாக. சட்டைப் பையில் பேனா ஒன்றுகூட இல்லை.

"ஆன்டி போயிட்டாம்மா. போன வாரம்."

யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்ல நான் என்ன உறவு? நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

"சாம்பல கடல்ல விட்டாச்சு. பதினாறு வருது. அதுக்குள்ள ஒரு தடவ பாத்துட்டுப் போலாம்னு."

அவருக்கு வெள்ளை அங்கி மாட்டிவிட்டேன். உருப்பெருக்கியில் எப்படிக் குனிவது என்று காட்டினேன். முதலில் தன் இமைமயிர்தான் தெரிகிறது என்றார். அப்படியே குனிந்திருந்தார். முதுகு மட்டும் ஏறி இறங்கியது.

"உயிர் இருக்கா?"

"இருக்கு அங்கிள்."

"இந்தச் சிவப்புத் தண்ணிதான் சாப்பாடா?"

"ஆமா."

"என்னா அது?"

உப்பு, சர்க்கரை, வைட்டமின் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அதுல கொஞ்சம் சீரம் கலப்போம் அங்கிள். கன்னுக்குட்டி ரத்தத்துல இருந்து எடுக்கறது. அது இல்லாம வளராது."

அவர் அங்கியின் பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றினார். "மாட்டுக்கறிக் கடை இருக்கற வரிசையில நடக்க மாட்டா அவ. பாசார்ல சுத்திக்கிட்டுப் போவா. மழ பேஞ்சாலும் சுத்திக்கிட்டுத்தான்." கடைசிப் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு, "ரத்தமா?" என்றார்.

"இது ஆன்டி இல்ல அங்கிள். ஆன்டிக்கு வந்த நோய்."

"நீதானம்மா வார்டுல சொன்ன? வெளிய இருந்து வந்தது இல்ல, அவளோட சொந்தம்னு. நானும் பக்கத்துலதான் இருந்தேன்."

நான் சொன்னது உண்மை. அவர் பிடித்துக்கொண்டதும் அதே உண்மையைத்தான்.

"அங்க நான் பிண்டம் வச்சுக் கூப்பிடுறேன், இங்க அவ போத்தல்ல உக்காந்துக்கிட்டு கன்னுக்குட்டி ரத்தம் குடிச்சிட்டிருந்தா அது என்னா காரியம்? கொடௌன்ல சரக்கு மாட்டிக்கிட்டா எந்தக் கதவத் தட்டணும்னு எனக்குத் தெரியும். இவள எப்படிம்மா வெளிய எடுக்கறது? எல்லாத்தையும் குடுத்துரு. கடல்ல விட்டுர்றேன்."

எல்லாத்தையும். அத்தனை ஆண்டுகளில் பிடித்த ஒரே கன்னம். மருந்தில் பாதி வழி வந்திருந்த சோதனை. அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நடுவில் இன்குபேட்டர் முனகிக்கொண்டிருந்தது.

உள்ளதைச் சொன்னேன். குடுவைகளில் இருப்பது மட்டுமல்ல, திரவ நைட்ரஜன் தொட்டியில் உறையவைத்த சிறு குழாய்களும் இருக்கின்றன என்றேன். மூடியைத் திறந்து காட்டினேன். வெள்ளைப் புகை வழிந்து அவருடைய செருப்பை மூடியது.

"இதுல இருக்கறதுங்க என்னா திங்கும்?"

"ஒண்ணும் திங்காது. வளராது. நின்னுபோன மாதிரி. வெளிய எடுத்து வெதுவெதுப்பா வச்சாத்தான் மறுபடியும்."

"விரதம் மாதிரியா?"

"அப்படித்தான் வச்சுக்கங்க."

அவர் குடைப்பிடியைத் திருகிக்கொண்டே நின்றார். "அப்ப எல்லாத்தையும் இதுக்குள்ள போடு. அவ காரியத்தப்போ எதுவும் அந்த ரத்தத்துல இருக்கக் கூடாது. ஒண்ணே ஒண்ணு எனக்குக் குடு."

பேராசிரியரிடம் கேட்டேன். உயிரோடு எதுவும் ஆய்வுக்கூடத்தைவிட்டு வெளியே போகாது, செத்ததென்றால் ஒரு குடுவை கொடுத்துக்கொள் என்றார். ஓடிக்கொண்டிருக்கும் சோதனையை நிறுத்தினால் கரைத்த மருந்து அத்தனையும் வீண், மறுபடி வரவழைக்க மாதக்கணக்காகும், அந்த முடிவு உன்னுடையது என்றும் சொன்னார். நிறுத்தினேன். குடுவைகளைக் காலி செய்து, செல்களைக் குழாய்களில் அடைத்து, குளிரில் இறக்கினேன். சிவப்பாகவே இருந்த அந்தக் குடுவையையும்தான். பேராசிரியர் கோபப்படவில்லை. சில வாரங்கள் என்னோடு பேசாமல் இருந்தார், அவ்வளவுதான். அந்தக் கட்டடத்தில் என்னோடு பேசிக்கொண்டிருந்தவரும் அவர் ஒருவர்தான்.

காரியத்துக்கு முந்தின நாள் கணவர் மறுபடி வந்தார். ஒரு குடுவையை மட்டும் வெளியே வைத்திருந்தேன். சிவப்புத் திரவத்தைக் கொட்டினேன். சுத்தமான உப்புநீரை ஊற்றி, மெல்ல ஆட்டி, கொட்டினேன். மறுபடி ஊற்றினேன். சீரத்தின் சுவடு போக அப்படித்தான் அலசுவோம், தினமும் செய்கிற வேலை. அவர் என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"குளிப்பாட்டறியா?"

"ஆமா அங்கிள்."

"இன்னொரு தடவ ஊத்து."

ஊற்றினேன். பிறகு ஆல்கஹால். அதை எடுக்கும்போது சொல்லிவிட்டுத்தான் எடுத்தேன். இதில்தான் உயிர் போகும்.

"சாராயமா?"

"அந்த மாதிரிதான்."

"இத்தன வருசமா என்னையத் திட்டுவா, சாராயம் சாராயம்னு. கடைசியில பாரு." சிரிக்கத் தொடங்கியவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் ஊற்றினேன். குடுவைக்குள் எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. உருப்பெருக்கியில் மட்டும் அந்த மினுமினுப்பு அணைந்திருந்தது. சுரண்டி எடுத்துச் சின்னக் கண்ணாடிப் புட்டியில் விட்டேன். பால் கலந்த தண்ணீர்போல ஒரு மங்கல், அவ்வளவுதான்.

"நீயும் வா," என்றார். "பொறந்த வீட்டுப் பக்கம் யாருமில்ல அவளுக்கு."

அதற்குப் பின்னால் நடந்தவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். புதிய மருந்து வந்தது. குழாய்களை எழுப்பினேன், மறுபடி ஊட்டினேன். மரபணுவை அடக்கினால் வளர்ச்சி அடங்கியது, அது உண்மை. ஆனால் சில வாரங்கள் போனதும் குடுவையின் ஒரு மூலையில் மஞ்சள் கசிந்தது. அடக்கிய வாய்க்குப் பதிலாக வேறொரு வாய் பேசத் தொடங்கியிருந்தது. அதைத் தேடினேன். அதற்குப் பின்னால் இன்னொன்று. ஆய்வுக்கூடத்தைவிட்டு நான் வந்தபோதும் அந்தக் குழாய்கள் தொட்டியில் இருந்தன. இன்றும் இருக்கும். தொட்டிக்கு நைட்ரஜன் ஊற்றுகிற யாரோ ஒருவர் அவற்றின் தலையை மாதாமாதம் பார்ப்பார். கன்னம் என்று அவருக்குத் தெரியாது.

பதினாறாம் நாள் கிள்ளானுக்கு முதல் பஸ்ஸில் போனேன். துறைமுகத்துக்கு அப்பால் சேறும் அலையாத்தி மரங்களுமான ஒரு கரை. தூரத்தில் கப்பல்கள் வேலை இல்லாததுபோல் நின்றிருந்தன. பண்டாரம் பிண்டம் வைத்தார், எள்ளும் தண்ணீரும் இறைக்கச் சொன்னார். சடங்கு முடிந்து அவர் தட்டைக் கழுவப் போனபோது, கணவர் வேட்டி மடிப்பிலிருந்து புட்டியை எடுத்து என்னிடம் காட்டினார்.

"பண்டாரத்துக்கிட்ட சொல்லல. சொன்னா இதுக்குத் தனியா ஒரு தட்டு வைக்கச் சொல்லுவாரு."

முழங்கால் வரை இறங்கினார். மூடி சுலபமாகத் திறக்கவில்லை, நான் இறுக்கி மூடியிருந்தேன். பல்லால் கடித்துத் திறந்து கவிழ்த்தார். அந்த மங்கல் தண்ணீரில் விழுந்த இடம்கூடத் தெரியவில்லை. கடல் ஏற்கெனவே அந்த நிறத்தில்தான் இருந்தது. புட்டியைக் கடல்நீரில் அலசி என்னிடம் திருப்பிக் கொடுத்தார், ஆபீஸ் சாமானாயிற்றே என்று.

கிள்ளான் பஸ் நிலையம் வரைக்கும் வந்தார். ஜன்னல் ஓரத்தில் நான். வெளியே, வேட்டியின் கரை இன்னும் ஈரமாக, அவர். கண்டக்டர் "கேஎல், கேஎல்" என்று தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"மிச்சத்த எப்ப எழுப்புவ?"

"மருந்து வந்ததும் அங்கிள்."

"எழுப்பினா சாப்பாடு குடு. பசியோட போட்டு வைக்காத. அதத்தான் குடுக்கணும்னா அதையே குடு, என்னா பண்றது." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "எப்ப முடியும் உன் வேல?"

"தெரியல அங்கிள்."

"முடிஞ்சா சொல்லி அனுப்பு. மிச்சத்தையும் நான் வந்து வாங்கிக்கறேன்."

"சரி அங்கிள்."

பஸ் உறுமிக்கொண்டு நகர்ந்தது. கம்பியைவிட்ட கையோடு அவர் நாலு எட்டு கூடவே நடந்தார்.

"நான் இல்லேன்னா நீயே கொண்டாந்து விட்டுரும்மா. இதே கரையில."